சேமிக்காத ஓவியம் எங்கே இருக்கிறது?

கணினியில் வரையும்போது தூரிகை தொடும் ஒவ்வொரு புள்ளியும் முதலில் விழுவது வன்தட்டில் அன்று, ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில்தான். அங்கே ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது; அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மின்சாரம் நின்றால் புதுப்பித்தலும் நின்றுவிடும், ஓவியமும் அத்துடன் போய்விடும்.

ஒவ்வொரு கோட்டையும் உடனுக்குடன் வன்தட்டில் எழுதிவிடலாமே என்று தோன்றலாம். 4000க்கு 5000 பிக்சல் அளவுள்ள ஒரு லேயருக்கு (ஓவியத்தின் ஓர் அடுக்குக்கு), பிக்சலுக்கு 4 பைட் வீதம், 80 மெகாபைட் தேவை. முழுதும் நிரம்பிய 20 லேயர்கள் 1.6 ஜிகாபைட்டைத் தொடும். இவ்வளவையும் ஓயாமல் எழுதினால் தூரிகை கைக்குப் பின்தங்கும் என்பதால், பல மென்பொருள்கள் இடைவெளி விட்டு ஒரு மீட்பு நகலை எழுதிவைக்கின்றன. போட்டோஷாப் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள், பெயரில் ‘ஆட்டோசேவ்’ என்ற சொல்லைச் சேர்த்து ஒரு மறைகோப்பாக எழுதுகிறது.

இந்த நகல் திடீர் முடக்கத்துக்காக மட்டுமே இருப்பது. மென்பொருள் தானாக நின்றுபோனால் நகல் தங்கியிருக்கும், அடுத்த முறை திறக்கும்போது அது நம்மிடம் நீட்டப்படும். ஆனால் மூடும்போது ‘சேமிக்க வேண்டாம்’ என்பதை நாமே அழுத்திவிட்டால், வேலை முறையாக முடிந்ததாகக் கருதி மென்பொருள் அந்த நகலையும் நீக்கிவிடுகிறது. கைதவறி அழுத்தும் அந்த ஒரு சொடுக்குதான், மின்தடையைவிடவும் கொடியது என்பேன். மென்பொருள் உறைந்து நின்றால் அவசரப்பட்டு மூடாதீர்கள். ஓவியம் இன்னும் ரேமில் உயிரோடு இருக்கிறது. சற்றுப் பொறுத்திருங்கள், அதற்குள் திரையைப் படமாகவாவது பிடித்து வையுங்கள்.

கோப்பு இருந்தும் திறக்க மறுக்கும் நிலை வேறு. கிரிட்டாவின் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதன் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ‘ஜிப்’ என மாற்றித் திறந்து பாருங்கள். லேயர்கள் தனித்தனியாகவும், எல்லாம் ஒன்றாய்க் கலந்த முழு ஓவியம் ஒரு பிஎன்ஜி படமாகவும் உள்ளே கிடக்கும். பொட்டலத்தின் ஒரு மூலை சிதைந்திருந்தாலும் அந்த ஒரு படம் தப்பியிருக்க வாய்ப்புண்டு.

கோப்பே அழிக்கப்பட்டிருந்தால் முதல் வேலை, அந்த வட்டில் எதையும் எழுதாமல் நிறுத்துவது. அழித்தல் என்பது பெரும்பாலும் கோப்பின் முகவரியை அட்டவணையிலிருந்து நீக்குவதுதான். புதிய தரவு மேலே எழுதப்படும்வரை பழைய பைட்டுகள் அங்கேயே இருக்கும். போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் அட்டவணையைப் பார்ப்பதில்லை, கோப்புகளின் தொடக்க அடையாளத்தைத் தேடி வட்டு முழுவதையும் துழாவுகின்றன. போட்டோஷாப் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் 8BPS என்பவையே. மீட்டதை வேறொரு வட்டில்தான் எழுத வேண்டும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டுகளில் இந்த நம்பிக்கை குறைவு, ஏனெனில் டிரிம் என்ற கட்டளை வெற்றிடமான பகுதிகளை வட்டே துடைத்துவிட வழி செய்கிறது.

இழப்பைத் தடுக்க, ஒரே கோப்பின்மேல் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் 01, 02 என எண்ணிட்டுப் புதிதாகச் சேமிப்பதே எளிய வழி. மேகச் சேமிப்பில் ஒத்திசைவு மட்டும் போதாது. இங்கே அழித்தால் அங்கும் அழிந்துவிடும். மூன்று நகல்கள், இரு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 முறை ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பியது. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தபோது, காப்பு நகல்களும் சரியாக வேலை செய்யவில்லை என்பது அதன் பிறகே தெரியவந்தது. படத்தைக் காத்தது, தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மன் வீட்டிலிருந்தே பணிபுரிவதற்காக வைத்திருந்த நகல். அதனால் காப்பு நகலை எடுத்து வைத்ததோடு விடாமல், அவ்வப்போது அதிலிருந்து ஓர் ஓவியத்தைத் திறந்து, எல்லா லேயர்களும் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.