மான்சுண்டெலியை வளர்த்து விற்பவர்களின் கவனத்துக்கு

சில மாதங்களுக்கு முன் இளைஞர் ஒருவர், முதுகில் புண்பட்ட, கார்ன் ஸ்நேக் என்னும் வளர்ப்புப் பாம்பு ஒன்றை என்னிடம் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். இரையாக உயிருடன் விடப்பட்ட எலி, பசியில்லாமல் சுருண்டிருந்த பாம்பைக் கடித்துவிட்டது. புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கடித்த எலியையும் காட்டுவதாகச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்ததன் முதுகு பழுப்பு, வயிறு தூய வெள்ளை. வால்கூட மேலே கருமையும் கீழே வெண்மையுமாகக் கோடு கிழித்தாற்போல் பிரிந்திருந்தது. மூடியைத் திறக்கப்போன அவர் கையைத் தடுத்தேன். அது டீர் மௌஸ். தமிழில் மான்சுண்டெலி எனலாம். கொட்டகையில் பிடித்த ஒரு சோடியிலிருந்து பெருக்கி, பாம்பு வளர்ப்பவர்களுக்கு இரையாகவும், விரும்பிக் கேட்பவர்களுக்குச் செல்லப்பிராணியாகவும் விற்றுவருவதாக அவர் சொன்னார்.

நான் பணிபுரியும் அமெரிக்கத் தென்மேற்கில் இதைக் கேட்டதும் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் 1993ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். நான்கு மாநிலங்கள் சந்திக்கும் இப்பகுதியில், நல்ல உடல்நலத்துடன் இருந்த இளைஞர்கள் திடீரென மூச்சுத்திணறி இறந்தபோது, அதற்குக் காரணம் மான்சுண்டெலி சுமந்துவந்த ஹான்டா வைரஸ் எனக் கண்டறியப்பட்டது. எந்த ஊரின் பெயரையும் சூட்டுவதற்கு எதிர்ப்பு எழுந்ததால், ஸ்பானிய மொழியில் 'பெயரில்லாதது' என்று பொருள்படும் 'சின் நோம்ப்ரே' என்பதே அந்த வைரஸின் பெயராக நிலைத்துவிட்டது. நோய் நுரையீரலைத் தாக்கும் கட்டத்தை எட்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் இறக்கிறார்கள். குறிப்பிட்ட மருந்து கிடையாது.

"இரண்டு ஆண்டுகளாக வளர்க்கிறேன், ஒன்றுகூட நோய்ப்படவில்லையே" என்றார் இளைஞர். வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் வாதம் இது; இதைவிட ஏமாற்றும் வாதம் வேறில்லை. இந்த வைரஸ் எலியை நோயாளியாக்குவதில்லை; வாழ்நாள் முழுவதும் அதன் உடலில் தங்கி, சிறுநீரிலும் எச்சத்திலும் உமிழ்நீரிலும் வெளியேறுகிறது. குட்டிகள் தாயின் வயிற்றிலேயே தொற்றைப் பெறுவதில்லை என்பது உண்மைதான்; ஆனால் வளர்ந்தபின் ஒரே பெட்டியில் சண்டையிட்டுக் கடித்துக்கொள்ளும்போது தொற்று பரவுகிறது. ஆகவே வீட்டில் பிறந்த தலைமுறை என்பதாலேயே பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. இரத்தப் பரிசோதனையில், வைரஸுக்கு எதிராக எலியின் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் தென்படுவதற்குத் தொற்றுக்குப் பின் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், புதிதாக வந்த எலியைத் தனியறையில் வைத்து மறுபடியும் சோதிக்காமல் ஒரே முடிவை நம்பக்கூடாது. கொன்று உறையவைத்து விற்றால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும் தவறு. குளிர் வைரஸைக் கொல்வதில்லை.

வளர்ப்பவருக்கு உண்மையான ஆபத்து கடியைவிடப் பெட்டியைச் சுத்தம் செய்யும்போதுதான் அதிகம். காற்றோட்டமில்லாத அறையில் உலர்ந்த மரத்தூளைக் கொட்டும்போது எழும் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும். துடைப்பத்தையும் வாக்யூம் கிளீனரையும் அங்கே பயன்படுத்தவே கூடாது. முதலில் கதவு, சன்னல்களைத் திறந்துவைத்து அரைமணி நேரம் வெளியே இருங்கள். பின்பு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் என்ற அளவில் அன்றன்றே கலந்து, எச்சமும் படுக்கையும் சொட்டச்சொட்ட நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையுடன் காகிதத்தால் துடைத்தெடுங்கள். சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் இதற்குப் போதாது. எட்டு வாரங்களுக்குள் காய்ச்சலும் தொடை, இடுப்புத் தசைகளில் கடும் வலியும் வந்தால், மருத்துவரிடம் எலி வளர்ப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு பாடும் எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது. சாதாரண வெள்ளைச் சுண்டெலி மூன்றே வாரத்தில் பத்துக் குட்டிவரை ஈனும். மான்சுண்டெலியோ அதைவிடச் சில நாள் கூடுதலாகச் சுமந்து நாலைந்தே ஈனும், மூடி திறந்தால் கைக்கு எட்டாத உயரத்துக்குத் துள்ளும். இரை வணிகமாகவும் கணக்கு உதைக்கிறது. தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1985 முதல் இயங்கிவரும் மான்சுண்டெலிப் பேணகத்தில், 1940களில் மிச்சிகனில் பிடித்த எலிகளிலிருந்து, வெளி எலி கலக்காமல் வந்த வழித்தோன்றல்கள் உண்டு. ஆயினும் அவை ஆய்வுக்கானவை. கொட்டகையில் பிடித்ததை விற்பதற்கு வனவிலங்குச் சட்டமும் குறுக்கே நிற்கலாம்; மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், அங்குள்ள வனவிலங்குத் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

விற்பவரின் பொறுப்பு பணம் வாங்கியதோடு முடிவதில்லை. 2017இல் வளர்ப்பு எலிகள் வழியே, ஹான்டா குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு வைரஸான சோல் வைரஸ் 11 மாநிலங்களில் பரவி, பலருக்கும் தொற்றியபோது, யார் யாருக்கு விற்றார் என்ற பதிவேடுதான் சுகாதாரத் துறையினருக்குத் தேவைப்பட்டது. அந்த இளைஞரிடம் பதிவேடு எதுவும் இல்லை. கைப்பேசியின் செய்திகளைத் தோண்டி ஏழு பேரைக் கண்டுபிடித்து, என் அறையிலிருந்தே ஒவ்வொருவராக அழைத்தார். ஆறு பேர் எலியைத் தொடாமல் காத்திருப்பதாகச் சொன்னார்கள். ஏழாமவருடைய எலி, வாங்கிய மறுவாரமே சமையலறைச் சுவரிடுக்கில் நுழைந்து தப்பிவிட்டிருந்தது.