அம்மாவைச் சும்மா உட்கார வைக்காதீர்கள்

"வந்த இடத்துல எதுக்கும்மா வேலை? நீங்க பேசாம உட்காருங்க." பிள்ளைகள் பாசத்தோடு சொல்லும் இந்த வார்த்தையால் கால் தளர்ந்துபோன அம்மாக்களை, பிசியோதெரபிஸ்டாக நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. தனியாக இருப்பவர். காலை நடை, சமையல், பேங்க் வேலை எல்லாம் அவரேதான். மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கிய பிறகு என்னிடம் வந்தார். நாற்காலியில் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, அப்புறம்தான் எழ முடிந்தது. "ராணி மாதிரி வெச்சிருந்தோமே" என்றார் மகன். உண்மைதான். ஆனால் தொடைத் தசைக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

வயதானால் தசை சீக்கிரம் கரையும், மெதுவாகத்தான் திரும்பும். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. சோபாவில் உட்கார்ந்திருப்பது அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாதுதான். ஆனாலும் ஓடியாடிப் பழகிய உடம்புக்கு அதுவும் இறக்கமே. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்செயல்பாடு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மனதுக்கும் இதே கதைதான். முதியோர் இல்லம் ஒன்றில் லேங்கர், ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1976-ல் வெளிவந்தது. சின்னச் சின்ன முடிவுகளைத் தாங்களே எடுத்து, ஒரு செடியையும் கவனித்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார்கள்.

அதனால் அம்மா வந்ததும் வீட்டுச் சாவி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். அவர் நடக்கப் போகும் நேரத்தை அவரே சொல்லட்டும். சமையலறையில் அவர் விரும்பும் வேலையை விட்டுக்கொடுங்கள். விரும்பும் வேலையை மட்டும்தான்! அம்மா வந்துவிட்டார் என்று குழந்தையையும் அடுப்பையும் மொத்தமாக அவர் தலையில் கட்டும் வீடுகளும் உண்டு. அது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

உங்கள் அக்கறையை வீட்டின் மேல் காட்டுங்கள். பழகாத வீட்டில் விழும் ஆபத்து அதிகம், அதுவும் ராத்திரியில். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை சின்ன விளக்கு எரியட்டும். வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். அவர் உட்காரும் இருக்கை தாழ்வாக இருக்க வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால், தூங்கி எழுந்ததும் சட்டென்று நிற்காமல் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள்.

போன தடவை விறுவிறுவென்று நடந்தவர் இந்தத் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால், "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி அவர் நன்றாக இருக்கிறார் என்றால், அவர் நடக்கக் கிளம்பும்போது நீங்களும் செருப்பை மாட்டுங்கள். வீட்டில் ஆளுக்கொரு போனோடு இருக்கும்போது வராத பேச்செல்லாம் நடக்கும்போது தானாக வரும்.