டி செல்லே புற்றாகிவிட்டால்?

கார்-டி என்ற புற்றுநோய்ச் சிகிச்சையின் அடிப்படை எளிமையானது. நோயாளியின் ரத்தத்திலிருந்து நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுசெல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் செயற்கை ஏற்பியை அவற்றில் முளைக்க வைத்து, பெருக்கி, திரும்ப ஏற்றுவார்கள். இன்னொரு வகை வெள்ளணுவான பி செல்களில் தோன்றும் லுகேமியா என்ற ரத்தப் புற்றுக்கு 2017இல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. இலக்கான சிடி19 புரதம் நல்ல பி செல்களிலும் உண்டு; அவையும் அழியும். ஆனாலும் பி செல்கள் தயாரிக்கும் ஆன்டிபாடியை வெளியிலிருந்து ஏற்றிச் சமாளிக்கலாம்.

டி செல்லே புற்றானால் கதை வேறு. அங்கே இலக்கு சிடி7. அதே புரதம் நாம் அனுப்பும் டி செல்லின் மேலும் இருக்கிறது. ஏற்பி முளைத்ததும் குடுவைக்குள்ளேயே ஒன்றையொன்று கொன்று தீர்த்துவிடும். நோயாளியின் டி செல்களை எடுத்தால் புற்றும் கலந்து வரும் ஆபத்து வேறு.

2022இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதற்கு வழி கண்டது. கீமோவும் மஜ்ஜை மாற்றமும் கைவிட்ட பிள்ளை. நலமான ஒரு கொடையாளியின் டி செல்களில் மூன்று புரதங்கள் உருவாகாமல் அணைத்தார்கள். சிடி7 போனதால் தங்களுக்குள் சண்டை இல்லை. இயல்பான டி செல் ஏற்பி போனதால் அயல் உடம்பைத் தாக்குவதில்லை. சிடி52 போனதால், நோயாளியின் எதிர்ப்புச் செல்களை ஒடுக்கத் தரும் மருந்து இவற்றைத் தொடுவதில்லை.

அணைத்த விதம்தான் என்னை வியக்க வைக்கிறது. மரபணுவைத் திருத்த உதவும் கிறிஸ்பர் கத்தரி டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டும். ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் வெட்டினால் அறுந்த முனைகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளலாம். பேஸ் எடிட்டிங் அப்படி வெட்டுவதில்லை. ஓர் எழுத்தை மட்டும் வேதியியலால் மாற்றுகிறது. சிஏஜி என்ற மூவெழுத்தில் முதலெழுத்தான 'சி', 'டி'யாக மாறினால் அது டிஏஜி. செல்லுக்கு அதன் பொருள் 'நிறுத்து'. புரதம் பாதியிலேயே நின்றுவிடும்.

28 நாட்களில் அவள் உடலில் லுகேமியா தென்படவில்லை. ஆனால் இந்தச் செல்கள் அவளுடைய நல்ல டி செல்களையும் விட்டுவைப்பதில்லை. எதிர்ப்புச் சக்தியைப் புதிதாகக் கட்ட மறுபடி மஜ்ஜை மாற்றம் செய்தார்கள். அந்த இடைப்பட்ட வாரங்கள் மிகக் கொடியவை. முதலில் சிகிச்சை பெற்ற மூவரில் ஒரு குழந்தையைப் பூஞ்சைத் தொற்று பறித்துக்கொண்டது.