ஆடுற பல்லைப் பிடுங்கிட்டு அனுப்பாதீங்க, ப்ளீஸ்

இந்த மாசத்துல இது மூணாவது குழந்தை. ஆறு வயசுப் பையன், ராத்திரி பூரா பஸ்ல வந்து அங்கிருந்து போடா போடால (உகாண்டா தலைநகர் கம்பாலால பைக் டாக்சிக்கு அதான் பேரு, வந்த புதுசுல என்னைத்தான் திட்றாங்கன்னு நினைச்சேன்) எங்க ஆஸ்பத்திரில இறங்குறாங்க. வலது கன்னம் வீங்கி கண்ணை மேல தள்ளிடுச்சு. அம்மா பேப்பர்ல மடிச்சு மூணு பல்லு வச்சிருந்தாங்க, ஊர்ல ரெண்டு கிளினிக்ல பிடுங்கினது. மூணு வாரம், ரெண்டு கோர்ஸ் அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக். அந்த மூணு பல்லுலயும் சொத்தை இல்ல!

இங்க வேலைக்கு வர்ற நம்மூர் டென்டிஸ்டுங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். நம்ம கண்ணு சொத்தைக்குப் பழகின கண்ணு, வீக்கம்னா சீழ், பல்லு ஆடுதுன்னா பிடுங்கு, அவ்ளோதான். ஆறு வயசுல முன்பல்லு ஆடும், சரி. பின்னாடி இருக்குற பால் கடவாப்பல்லு விழ ஒம்பது பத்து வயசாவது ஆகும். அது ஆறு வயசுல, சொத்தையே இல்லாம, ஏன்யா ஆடுது? அடியில எலும்பு இல்ல, அந்த இடத்துல கட்டி உக்காந்திருக்கு. ஆத்து வெள்ளம் கரையை அரிச்சா தென்னை சாயுது, மரத்தை வெட்டிட்டா கரை நின்னுடுமா? பல்லு மேல எந்தத் தப்பும் இல்ல, அதைப் பிடுங்குறதால கட்டி ஒரு நாள் கூட நிக்காது, நாளுதான் வீணாப் போகும்.

இது பர்கிட் லிம்போமா, குழந்தைங்களுக்கு வர்ற ஒரு நிணநீர் கேன்சர். 1957ல இதே ஊர் முலாகோ ஆஸ்பத்திரில டெனிஸ் பர்கிட்ங்குற சர்ஜன் ஒரு குழந்தைக்கு ரெண்டு தாடையிலயும் ரெண்டு பக்கமும் வீக்கத்தைப் பாத்துட்டுத்தான் இதைத் தேட ஆரம்பிச்சார். 1961ல பழைய கார்ல பத்தாயிரம் மைல் சுத்தி, சூடான, மழை பெய்யுற ஊர்கள்லதான் இது வருதுன்னு மேப் போட்டார், மலேரியா இருக்குற ஊர்களும் அதேதான். இந்தக் கட்டியிலதான் 1964ல எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. 1967ல இங்க கேன்சர் சென்டர் ஆரம்பிச்சதே இதுக்காகத்தான். அதே நாட்டுல இன்னும் பல்லைப் பிடுங்கிட்டிருக்கோம்.

வேகத்தைத்தான் யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. செல்லுங்க ஒண்ணு ரெண்டு நாள்ல ரெட்டிப்பாகும். "அடுத்த வாரம் வந்து காட்டுங்க"ன்னு சொல்ற வியாதியே இல்ல இது. வலி பெருசா இருக்காது, அதனால பெத்தவங்களும் பொறுத்துக்குறாங்க.

கேன்சர்னு சொன்னதும் அழுதுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறவங்களும் உண்டு. அம்மா, போகாதீங்க. இது வேகமா வளர்ற மாதிரியே மருந்துக்கு வேகமா கரையும், சீக்கிரம் வந்தா நிறைய பேர் பொழைக்கிறாங்க. கத்தி வைக்க வேண்டிய கட்டியும் இல்ல, சைக்ளோபாஸ்பமைடு மாதிரி கீமோ மருந்துதான் வைத்தியம். பெரியவங்களுக்குத் தாடையில வருஷக்கணக்கா மெதுவா வளர்ற அமெலோபிளாஸ்டோமா நேர்மாறு, அதை எலும்போட வெட்டி எடுக்கணும், சும்மா சுரண்டி எடுத்தா திரும்ப வரும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

குழந்தை வந்தா வாயை மட்டும் பாக்காதீங்க, வயித்தைத் தொட்டுப் பாருங்க, அங்கயும் கட்டி இருக்கலாம், நடக்கச் சொல்லுங்க, கால் தளர்ந்திருக்கும் சில பேருக்கு. எக்ஸ்ரேல பல்லு வேரைச் சுத்தி இருக்குற அந்த வெள்ளைக் கோடு காணாமப் போயிருந்தா, சந்தேகப்பட்டு உடனே எங்ககிட்ட அனுப்ப அதுவே போதும். வீக்கம் வத்தட்டும்னு ஸ்டீராய்டு ஊசி போட்டுறாதீங்க, கொஞ்ச நாள் வத்தும், அப்புறம் பயாப்சில (கட்டியில துண்டு எடுத்துப் பாக்குற டெஸ்ட்) எங்களுக்கு ஒண்ணும் தெளிவாத் தெரியாது.

எங்ககிட்ட அனுப்புற லெட்டரை எழுதிக் கையில குடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு இருக்காதீங்க. போன் பண்ணிச் சொல்லுங்க, பஸ்ஸுக்குக் காசு இருக்கான்னும் ஒரு வார்த்தை கேளுங்க, இந்தப் பையன் ஒரு வாரம் லேட்டானதே அதனாலதான்.