இயக்குநீர்: இது எந்த நீர்?

அண்ணிக்கு ஏழாம் மாதம். மருத்துவமனையில் வரிசை எண்ணுக்காகக் காத்திருந்தபோது அங்கிருந்த தமிழ்க் கையேட்டைப் புரட்டியவர், 'இயக்குநீர் அளவு உயரும்' என்ற வரியில் விரலை வைத்தார். "காலில் வீக்கமே இல்லையே தம்பி, எந்த நீர் ஏறுது?"

கேள்வியில் தப்பில்லை. கர்ப்பிணியிடம் நீர் என்றால் கால் நீர் கோப்பதும் பனிக்குட நீரும்தான் நினைவுக்கு வரும். போதாததற்கு, அண்ணிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இனிப்பு நீர். மலாய் மொழி புழங்கும் எங்கள் ஊரில் பெரியவர்கள் நீரிழிவை அப்படித்தான் சொல்வார்கள். மலாயில் 'கென்சிங் மானிஸ்' என்பதும் இதே பொருள்தான்.

கையேடு சொன்னது ஹார்மோனை. 1902இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் சிறுகுடலில் சுரந்து, இரத்தம் வழியே போய்க் கணையத்தைத் தூண்டும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். இப்படித் தூது போகும் பொருள்களுக்கு 1905இல் ஸ்டார்லிங் இட்ட பொதுப்பெயர் ஹார்மோன். 'முடுக்கிவிடு' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. 'இயக்கு' அந்தப் பொருளை அப்படியே பிடிக்கிறது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: இயக்கிய நீர், இயக்குகிற நீர், இயக்கும் நீர். இடறுவது 'நீர்'தான். உமிழ்நீர்போல ஊறி வழிகிற திரவம் அல்ல இது. இரத்தத்தில் மிக மிகச் சிறிய அளவில் கலந்து செல்லும் வேதிப்பொருள். இலங்கைப் பாடநூல்கள் இந்த வம்பே வேண்டாம் என்று 'ஓமோன்' என எழுதிவிடுகின்றன.

சரி, அண்ணிக்கு என்ன ஏறுகிறது? கருவுற்ற பிறகு நஞ்சுக்கொடியே ஒரு சுரப்பிபோல வேலை செய்கிறது. அது சுரக்கும் லாக்டோஜென், புரொஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் பிடியைத் தளர்த்துகின்றன. தாயின் இரத்தத்தில் குளுக்கோஸ் சற்று அதிக நேரம் தங்கினால்தானே பிள்ளைக்குப் போய்ச் சேரும்! மற்றவர்களுக்குக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவருக்கு அது முடியாது. அதனால்தான் நடு மாதங்களிலிருந்து அண்ணியின் ஊசி அளவு ஏறிக்கொண்டே போனது. அவர் பத்தியம் மீறியதாக அத்தை சந்தேகப்பட்டார், பாவம்! கர்ப்பத்தில் புதிதாகத் தலைகாட்டும் 'கர்ப்பகால நீரிழிவு' வேறு. அண்ணியுடையது முன்பே இருந்தது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதும் கையேடுகள் குழப்பத்தைத்தான் கூட்டுகின்றன.

இத்தகைய கோளாறுகளுக்குப் பொதுப்பெயர் வளர்சிதை மாற்றக் கோளாறு. வளர்சிதை மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் மெட்டபாலிசம். அதன் கிரேக்க மூலமான மெட்டபொலே வெறும் 'மாற்றம்' என்றுதான் சொல்கிறது. உடல் சேர்ப்பதையும் சிதைப்பதையும் ஒரே சொல்லில் வைத்த தமிழாக்கம் மூலத்தைவிட ஒரு படி மேல் என்பேன். இயக்குநீருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கட்டுரையில் எழுதலாம், அழகான சொல்தான். நோயாளி கையில் கொடுக்கும் தாளில் 'ஹார்மோன்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் இருந்தால் போதும்.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஊசி அளவு மளமளவென்று இறங்கியது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அத்தையிடம்) அண்ணி கையை மேலும் கீழுமாக ஆட்டி, "ஹார்மோன்" என்றார். மலாயிலும் அதே சொல்தான். மக்சிக் தலையாட்டினார்.