ஐசியூல வந்த நிமோனியாவுக்கு மருந்து ஏன் கேக்க மாட்டேங்குது?

"அப்பாவ ஆபரேஷனுக்குத்தான் சேர்த்தோம், ஐசியூல இருக்கும்போது நிமோனியா வந்துருச்சு, ஆன்டிபயாடிக் மாத்தி மாத்தி போட்டும் கேக்கலைங்கறாங்க, எப்படி?"ன்னு வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு.

ஆஸ்பத்திரில சேர்ந்து 48 மணி நேரத்துக்கு அப்புறம் வர்ற நிமோனியாவ டாக்டருங்க தனி வகையா பாப்பாங்க. வென்டிலேட்டர் டியூப் தொண்டைக்குள்ள இருந்தா சரியா இரும முடியாது, எச்சில் டியூப் ஓரமா கசிஞ்சு நுரையீரலுக்குள்ள இறங்கும், கூடவே கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் மாதிரி கிருமிங்களும் இறங்கும். தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல தூக்கி வைக்கறது இதுக்குத்தான்.

இப்போ முக்கியமான விஷயம். பென்சிலின்லேர்ந்து மெரோபெனம் வரைக்கும் ஒரே குடும்பத்து ஆன்டிபயாடிக் எல்லாத்துலயும் மூணு கார்பன், ஒரு நைட்ரஜன் சேர்ந்த ஒரு குட்டி வளையம் இருக்கும், பாக்டீரியா தன் செல் சுவரை கட்டறத தடுக்கறது அதுதான். சில கிளெப்சியெல்லாகிட்ட என்டிஎம்-1னு ஒரு என்சைம், அதாவது வேதிவினைய நடத்தற புரதம், இருக்கு, டெல்லி ஆஸ்பத்திரில சிகிச்சை எடுத்துட்டு ஸ்வீடன் திரும்பின ஒருத்தர்கிட்ட 2008ல கண்டுபிடிச்சாங்க. அதோட நடுவுல ரெண்டு ஜிங்க் அயனி, அதுங்க பிடிச்சு வச்சிருக்கற தண்ணி வளையத்து மேல மோதினா வளையம் உடைஞ்சிரும், மருந்து செத்துரும், என்சைம் மட்டும் அப்படியே இருந்து அடுத்த மருந்து மூலக்கூறுக்கு போயிரும்.

நம்ம உடம்பும் சும்மா இல்ல! வெள்ளை அணுக்கள் கால்ப்ரொடெக்டின்னு ஒரு புரதத்த விட்டு சுத்தி இருக்கற ஜிங்கை எல்லாம் அள்ளிக்கும், ஜிங்க் இல்லாம போனா இதே குடும்பத்து மத்த என்சைம்கள பாக்டீரியாவோட புரோட்டியேஸ்களே, அதாவது புரதத்த வெட்டற என்சைம்களே, சிதைச்சிரும். ஆனா என்டிஎம்-1க்கு ஒரு கொழுப்பு வால் இருக்கு, அத வச்சு பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல ஒட்டிக்கிட்டு தப்பிச்சிரும். அதவிட ஆச்சரியம், அந்த சவ்வுலேர்ந்து குட்டிக் குட்டி குமிழிங்க கழண்டு வெளிய போகும், அதுலயும் இந்த என்சைம் ஏறிப் போயி மருந்த வெளியவே உடைச்சிரும், பக்கத்துல இருக்கற என்சைமே இல்லாத கிருமியும் பிழைச்சிக்கும். இத முதல்ல படிச்சப்போ எனக்கு பயத்தவிட பிரமிப்புதான் வந்துச்சு.

பேஷன்டுக்கு இதனால என்ன ஆகுது? எந்தக் கிருமி, எந்த மருந்து கேக்கும்னு சொல்ற கல்ச்சர் ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் டாக்டர் அனுமானத்துலதான் மருந்து போடணும், அது கேக்காத மருந்தா இருந்தா அந்த நாளெல்லாம் வீண், உயிர் போற ஆபத்தும் கூடும். கடைசில கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக்குக்கு போனா கிட்னி அடிவாங்கலாம்.

என்டிஎம்-1ஆல உடைக்க முடியாத மருந்து ஒண்ணு இருக்கு, அஸ்ட்ரியோனம், 1980கள்லேர்ந்தே இருக்கு. ஆனா அதே கிருமி வச்சிருக்கற வேற என்சைம்கள் இத உடைச்சிரும், அதனால அதுங்கள அடக்க அவிபாக்டமையும் சேர்த்து குடுக்கறாங்க. இந்த ஜோடிக்கு ஐரோப்பா 2024லயும் அமெரிக்கா 2025லயும் அனுமதி குடுத்துச்சு.

புது ஆன்டிபயாடிக்ல கம்பெனிக்கு லாபம் கம்மி. 2018ல பிளாசோமைசின்ங்கற புது ஆன்டிபயாடிக்குக்கு அனுமதி வாங்கின அக்கேயோஜென் கம்பெனி 2019லயே திவாலாச்சு. அதனால இந்த ஆராய்ச்சிக்கு அரசாங்கங்கள்தான் பணம் போடணும்ங்கறது என் கருத்து, சந்தைய நம்பி உக்காந்தா நடக்காது, அதுலயும் அசினெட்டோபாக்டருக்கு நான் சொன்ன இந்த ஜோடி கூட வேலை செய்யாது.