மாங்கா படித்தே ஜப்பானிய மொழி வந்துவிடுமா?

ஜப்பானிய மொழியில் ‘தபெதா’ என்றால் சாப்பிட்டாச்சு. யார் சாப்பிட்டது? நானா, நீயா, அவளா, பக்கத்து வீட்டுப் பூனையா? அந்தச் சொல்லை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. தமிழிலும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுகிறோம். ஆனால் ‘சாப்பிட்டேன்’, ‘சாப்பிட்டாள்’ என்று வினையின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினைக்கு அந்த விகுதி கிடையாது. எழுவாயும் இல்லை, விகுதியும் இல்லை என்றால் புதிதாகப் படிக்கிறவர் என்ன செய்வார்?

மாங்காவில், அதாவது ஜப்பானியக் காமிக்ஸில், இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. பேச்சுக் குமிழியின் முனை யார் பக்கம் நீள்கிறதோ அவர்தான் பேசுகிறார். காலித் தட்டோடு திருட்டு முழி முழிப்பவர்தான் சாப்பிட்டவர். வாக்கியம் சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லிவிடுகிறது. காமிக்ஸ் வழியாக மொழி கற்கலாம் என்பவர்கள் ‘அலுக்காது, ஜாலியாக இருக்கும்’ என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் ஜாலி மட்டும் மொழியைக் கற்றுத்தராது. வருடக்கணக்கில் ஆங்கில வசன வரிகளோடு அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்த்தும் நான்கு வாக்கியம் பேச வராதவர்கள் எத்தனையோ பேர். மாங்காவில் வேலை செய்வது வேறு சில விஷயங்கள்.

முதலில் எழுத்து. ஹிரகானாவில் 46, கடகானாவில் 46 என்று இரண்டு அடிப்படை எழுத்து வரிசைகள். இதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. உயிரெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். எங்கேயோ கேட்ட வரிசை மாதிரி இருக்கிறதா? பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய லிபியோடு ஜப்பானுக்குக் கொண்டுபோன ஒலியியல் வகுத்த வரிசை அது. ‘ஹ’ நிற்கும் இடத்தில் நம் வரிசைப்படி ‘ப’ வர வேண்டும். பழைய ஜப்பானிய மொழியில் அந்த ஒலி ‘ப’வாகத்தான் இருந்தது. இந்த இரண்டு வரிசைகளும் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

மலைப்பு வருவது சீன எழுத்தான கான்ஜியில். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலிலேயே 2,136 எழுத்துகள் இருக்கின்றன. ஒரு கான்ஜியின் ஒலி தெரியாவிட்டால் அகராதியில் தேடுவதே பெரும்பாடு. இங்கேதான் ஃபுரிகானா உதவிக்கு வருகிறது. கான்ஜிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அதன் உச்சரிப்பை ஹிரகானாவில் அச்சிடுவதுதான் ஃபுரிகானா. 1968-இல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ போன்ற சிறுவர் இதழ்களின் தொடர்களில் பெரும்பாலும் எல்லாக் கான்ஜிக்கும் இது இருக்கும். பெரியவர்களுக்கான இதழ்களில் அரிது. ஆக, முதல் மாங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது கதை எப்படி என்று பார்ப்பதற்கு முன் பொடி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்ட உதவி அது, நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீஃபன் கிராஷென் 1980-களில் வலியுறுத்திய கருத்து ஒன்று சுயமாக மொழி கற்போர் மத்தியில் இன்றும் வேதவாக்கு. ஏற்கெனவே தெரிந்ததைவிட ஒரே ஒரு படி மேலே இருக்கும் மொழியைப் புரிந்துகொண்டே போனால் மொழி தானாகப் படியும் என்றார். அவரோடு முரண்படும் ஆய்வாளர்கள் நிறைய. கேட்டால் மட்டும் போதாது, பேசிப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஆனால் புரியாத சத்தத்தை எத்தனை மணிநேரம் கேட்டாலும் பலனில்லை என்பதில் பெரிய சண்டை இல்லை. சரி, எவ்வளவு புரிய வேண்டும்? கதை ஒன்றை அகராதி இல்லாமல் சிரமமின்றிப் படிக்க நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தொடக்கநிலை மாணவர் எந்த நாவலிலும் அந்த அளவை எட்ட முடியாது. மாங்காவில் படம் பாதி பாரத்தைச் சுமப்பதால் மட்டுமே, அதற்குக் கீழே இருந்துகொண்டும் கதையைத் தொடர முடிகிறது.

தொடர முடிவது வேறு, நினைவில் நிற்பது வேறு. 2003-இல் வாரிங், தகாகி என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலம் கற்கும் ஜப்பானியர்களிடம் எளிய ஆங்கிலக் கதை ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அதில் 25 சொற்களுக்குப் பதிலாகப் புதுச் சொற்களைப் புனைந்து வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, சராசரியாக ஒரே ஒரு சொல்லின் பொருளைத்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. கதையில் எட்டு முறைக்குக் குறைவாக வந்த எந்தச் சொல்லும் தேறவில்லை.

எனக்கு இந்தச் சுயபடிப்பு விவகாரத்தில் மிக முக்கியமான தகவல் இதுதான். பத்து மாங்காவின் முதல் பாகத்தைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரே தொடரின் பத்துப் பாகங்களைப் படிப்பதும் பக்கக் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், விளைவு ஒன்றல்ல. ஒரே கதையில் அதே பாத்திரங்கள், அதே பள்ளிக்கூடம், அதே சண்டை. கூடைப்பந்துத் தொடர் என்றால் ‘ஆட்டம்’, ‘பயிற்சி’, ‘தோற்றோம்’ ஆகிய சொற்கள் எட்டு முறை என்ன, எண்பது முறை வரும். முதல் பாகம் உயிரை எடுக்கும். மூன்றாவது பாகத்தில் அகராதிப் பக்கம் போவது குறைந்திருக்கும். ஜாலி என்பதன் உண்மையான வேலையும் இங்கேதான் இருக்கிறது: அடுத்து என்ன ஆகும் என்ற ஆவல் நம்மை அதே சொல்லிடம் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு போகிறது. கதையில் அரிதாக வரும் சொற்களுக்கு மட்டும் அன்கி போன்ற செயலியில் அட்டை போட்டுக்கொள்ளலாம். மறக்கப்போகும் நேரத்தில் அது திரும்பக் கேட்கும். மறதியின் வேகத்தை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்து அளந்து வைத்தார். இன்றைய செயலிகளுக்கெல்லாம் அடிப்படை அதுதான்.

இலக்கணத்தைப் பொறுத்தவரை, தமிழருக்கு ஒரு யோசனை: ஆங்கில விளக்கங்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘தபெதெ மிரு’ என்பதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தருகிறார்கள். ‘சாப்பிட்டுப் பார்’ என்று சொன்னால் நமக்கு முடிந்தது. ‘மிரு’ என்றால் பார்ப்பது. ‘கைதெ ஒகு’ எழுதி வைப்பது. ‘தபெதெ ஷிமத்தா’ சாப்பிட்டுவிட்டேன். அது பேச்சில் தேய்ந்து ‘தபெச்சத்தா’ ஆகும், நம் ‘சாப்பிட்டுட்டேன்’ மாதிரியே. பாடப்புத்தகம் முதலில் மரியாதை நடையைத்தான் கற்பிக்கும். இந்தத் தேய்ந்த வடிவங்கள் மாங்காவில்தான் கொட்டிக் கிடக்கின்றன. படபட, சலசல என்கிற இரட்டைக்கிளவிகளுக்கும் பஞ்சமில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டால் ‘டோகிடோகி’. சத்தமே இல்லாவிட்டால் அதற்கும் ‘ஷீன்’ என்று ஒரு ஒலி எழுதி வைத்திருப்பார்கள். ஒற்றுமைகளைப் பார்த்த சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவருக்கு லாபம் லாபம்தான்.

நஷ்டமும் உண்டு. மாங்காவில் கிழவர் ‘வாஷி’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வாக்கியத்தை ‘ஜா’ என்று முடிப்பார். நிஜத் தோக்கியோவில் எந்தத் தாத்தாவும் அப்படிப் பேசுவதைக் கேட்பது கடினம். பாத்திரத்தை அடையாளம் காட்டவே உருவான இந்தப் பேச்சுக்குப் பாத்திர மொழி என்ற பொருளில் ‘யகுவரிகோ’ என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் சதோஷி கின்சுய். சண்டைக் கதைகளில் நாயகன் எதிரியை ‘தெமே’ என்பான், ‘கிசமா’ என்பான். இரண்டும் முகத்துக்கு நேரே திட்டுவது. வேலைக்கான நேர்காணலில் வாய் தவறி வந்தால் கதை முடிந்தது. படித்தால் புரிய வேண்டும், நாம் பேசக் கூடாது. மரியாதை நடைக்குப் பாடப்புத்தகத்தை விட்டால் வழியில்லை.

இன்னொரு குறை, காகிதத்தில் ஒலி இல்லை. ‘ஹஷி’ என்பதில் ‘ஹ’ உயர்ந்து ஒலித்தால் சாப்பிடும் குச்சி, ‘ஷி’ உயர்ந்தால் பாலம். இது தோக்கியோ வழக்கு. ஃபுரிகானாவில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே படித்து முடித்த அத்தியாயத்தையே அனிமேவாகக் கேட்பது நல்லது, ஜப்பானிய வசன வரிகளோடு. மிட்டரர், மெக்வீன் இருவரும் 2009-இல் டச்சுக்காரர்களிடம் பழக்கமில்லாத உச்சரிப்பில் பேசும் ஆங்கிலப் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். ஆங்கில வரிகளோடு பார்த்தவர்களின் காது அந்த உச்சரிப்புக்குப் பழகியது. டச்சு வரிகளோடு பார்த்தவர்களுக்குப் புதிதாகக் கேட்கும் சொற்களைப் பிடிப்பது இன்னும் சிரமமானது. அனிமேவின் குரல் நடிகர்கள் தெளிவாக, கொஞ்சம் மிகையாகவே பேசுவார்கள். அதைத் தாண்டி நிஜப் பேச்சுக்குப் போக ஜப்பானியத் தொலைக்காட்சியின் பல்சுவை நிகழ்ச்சிகள் உதவும். பேசுவதையே பெரிய வண்ண எழுத்துகளில் திரையில் போடும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் பெரும்பாலும் அந்த எழுத்துகளுக்கு ஃபுரிகானா இருக்காது, சட்டென்று மறைந்தும் விடும். முதல் தொடரை முடித்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.